விமானிப் பயிற்சிக்கு மருத்துவ விலக்குக் கோருவது: கோப்பைத் தயாரிக்கும் முறை

பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளத்தை ஒட்டிய தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், வளரும் பிள்ளைகளுக்கு, பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு ஹோர்னெட் விமானம் கடந்து போகும்வரை காத்திருப்பது பழகிப்போன ஒன்று. அவர்களில் சிலர் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததும் அரச மலேசிய ஆகாயப்படையின் விமானிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்களிலும் சிலர் மருத்துவப் பரிசோதனையில் தடுக்கப்படுகிறார்கள். நான் அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவ உதவி அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், அப்படித் தடுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் என்னைத் தேடி வருவதுண்டு. பெரும்பாலும் அவர்கள் கையில் ஒரே ஒரு கடிதம்தான் இருக்கும். பிள்ளைக்குச் சிறு வயதிலிருந்தே ஆசை, குடும்பம் நாட்டுப்பற்று மிக்கது, ஆகவே தயைகூர்ந்து கவனிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பார்கள். அந்தக் கடிதத்தில் படை மருத்துவர் படிக்க வேண்டியது எதுவும் இல்லை. அவருக்குச் சில கேள்விகள் உண்டு. அவற்றுக்கு ஆவணங்களால் பதில் சொல்லும் கோப்பு ஒன்றுதான் அவர் கையைக் கட்டிப்போடாமல் இருக்கும்.

முதலில் முடிவைச் சரியாகப் படியுங்கள்

‘தகுதியில்லை’ என்ற சொல்லுக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு நிலைகள் இருக்கக்கூடும். தற்காலிகமாகத் தகுதியில்லை என்றால், காது சவ்வில் துளை, அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை, இரத்தச் சோகை போன்ற ஒன்று சரியான பிறகு மீண்டும் வரலாம் என்று பொருள். பரிசோதனை முடிவே தவறு என்று நீங்கள் கருதினால், கேட்க வேண்டியது மறுபரிசோதனை. மலாயில் ‘ரயுவான்’ என்று சொல்லும் மேல்முறையீடு அதற்கு உரியது. விலக்கு இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. குறை இருப்பது உண்மைதான், ஆனால் அந்தக் குறையால் விமானத்திலோ பணியிலோ ஏற்படக்கூடிய ஆபத்து ஏற்றுக்கொள்ளத்தக்க அளவுக்குக் குறைவு என்பதே விலக்குக் கோருகிறவரின் வாதம். ஒரே கடிதத்தில் ‘எனக்கு ஆஸ்துமாவே இல்லை’ என்றும் ‘இருந்தாலும் விலக்குத் தாருங்கள்’ என்றும் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வாதமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கடைசியில் எழுதியவர் மீதுள்ள நம்பிக்கைதான் போகிறது. ஆகவே, எந்தக் குறைக்காக, எந்த அளவீட்டின் அடிப்படையில், தற்காலிகமாகவா நிரந்தரமாகவா தடுக்கப்பட்டீர்கள் என்பதை எழுத்துமூலம் கேட்டுப் பெறுவதுதான் முதல் வேலை.

மலேசிய ஆயுதப்படைகள் பயன்படுத்தும் தகுதி முறைக்குப் புல்ஹீம்ஸ் (PULHEEMS) என்று பெயர். அதன் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கூறைக் குறிக்கும். பிரிட்டிஷ் மரபில் வந்தது. உடல் திறன், மேல் உறுப்புகள், நடமாட்டம், வலது காது, இடது காது, வலது கண், இடது கண், அறிவுத்திறன், மனநிலை உறுதி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஓர் எண் தரப்படும். எண் குறையக் குறையத் தரம் உயர்வு. எந்த எழுத்துக்கு நேரே எண் ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த நிபுணரிடம் போவது என்பது தானாகத் தெளிவாகும். பொதுவான இராணுவச் சேவைக்குப் போதுமான எண் விமானிக்குப் போதாமல் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். எந்த நாட்டுப் படையிலும், பல ஆண்டுகள் பறந்த விமானிக்குக் கிடைக்கும் விலக்கு, இன்னும் பயிற்சியே தொடங்காத விண்ணப்பதாரருக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. முன்னவர் மீது படை பெரும் பணத்தையும் காலத்தையும் செலவிட்டிருக்கிறது. பின்னவருக்குப் பதிலாக வரிசையில் வேறு பலர் நிற்கிறார்கள். விலக்கு உரிமையும் அல்ல. இதைத் தெரிந்துகொண்டு முயல்கிறவர்களுக்கு மட்டும்தான் கீழே எழுதியிருப்பது பயன்படும்.

படை மருத்துவரின் மனத்தில் ஓடும் கேள்விகள்

அமெரிக்க விமானப்படை, தன் மருத்துவர்கள் விலக்கு வழங்கும்போது எதையெதைப் பார்க்க வேண்டும் என்பதை விளக்கும் கையேட்டைப் பொதுவில் வெளியிட்டிருக்கிறது. அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர் அங்கே அதிகாரியாக முடியாது என்பதால், நமக்கு அது விண்ணப்ப வழி ஆகாது. ஆனால் நோய்வாரியாக எந்தச் சோதனைகள் தேவை, எவ்வளவு காலம் அறிகுறியின்றி இருக்க வேண்டும் என்றெல்லாம் விரிவாகச் சொல்லும் பாடநூலாக அதைப் படிக்கலாம். உங்கள் நிபுணரிடமும் காட்டலாம். அந்தப் படையின் விதிகள் அடிப்படையாக வைக்கும் அளவுகோல்களை நம் கோப்புக்கான கேள்விகளாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் குறையால் விமானி திடீரென்று செயலிழந்து போவாரா? வெளியே தெரியாமல் அவருடைய கவனமோ பார்வையோ தீர்மானிக்கும் திறனோ மெல்ல மங்குமா? நோய் குணமாகிவிட்டதா, அல்லது நிலைபெற்றுவிட்டதா. பறத்தலின் அழுத்தத்திலும் அது அப்படியே இருக்குமா? மீண்டும் வந்தால் முதல் அறிகுறியை எளிதில் கண்டுகொள்ள முடியுமா, அந்த முதல் அறிகுறியே ஆபத்தாகிவிடுமா? கண்காணிப்பதற்கு அரிய கருவிகளோ, உடலுக்குள் குழாய் செலுத்தும் சோதனைகளோ, அடிக்கடி விடுப்போ தேவைப்படுமா? மருத்துவமனை எட்டாத இடத்தில், வசதியற்ற முகாமில் நாள்கணக்கில் பணி செய்ய முடியுமா? இந்த ஆறு கேள்விகளுக்கும் உங்கள் கோப்பில் ஏதாவது ஒரு பக்கம் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லாத கேள்வி ஒன்று மிஞ்சினாலும், மருத்துவர் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திடத் தயங்குவார்.

கண்

நம் பிள்ளைகள் அதிகமாகத் தடுக்கப்படுவது கண்ணில்தான். கிட்டப்பார்வைக்கு லேசர் செய்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணி, விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்னால் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள். அவசரம் வேண்டாம். லாசிக் முறையில் கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மடலை வெட்டித் தூக்கி, அடியில் லேசர் செலுத்தி, மீண்டும் மூடுகிறார்கள், பி.ஆர்.கே. முறையில் மடல் கிடையாது, மேல்தோல் மட்டும் அகற்றப்பட்டு மீண்டும் வளர்கிறது. விபத்திலோ, இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முகத்தில் அறையும் காற்றிலோ அந்த மடல் பெயர்ந்துவிடுமோ என்ற அச்சத்தால் படைகள் நெடுங்காலம் பி.ஆர்.கே.யை விரும்பின. அமெரிக்க விமானப்படை 2007இல்தான் லாசிக் செய்துகொண்ட விண்ணப்பதாரர்களையும் பரிசீலிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு படைக்கும் கொள்கை வேறு. ஆகவே, ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கத்தியின் பக்கம் போகாதீர்கள்.

செய்துகொண்டிருந்தால், சிகிச்சைக்கு முந்தைய கண் அளவுதான் கோப்பின் உயிர். மைனஸ் இரண்டும் மைனஸ் எட்டும் லேசருக்குப் பிறகு ஒன்றுபோலத் தெரியலாம். விழித்திரை கிழியும் வாய்ப்பு ஒன்றல்ல. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள், கருவிழியின் மேடுபள்ள வரைபடம், பார்வை நிலைபெற்றதைக் காட்டும் குறைந்தது இரண்டு தேதிகளின் அளவீடுகள், இரவில் ஒளி சிதறிக் கூசுகிறதா என்ற குறிப்பு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். இரவில் அணிந்து தூங்கும் ஆர்த்தோ-கே கண்வில்லைகள் கருவிழியைத் தற்காலிகமாகத் தட்டையாக்குபவை. அவற்றை அணிந்துவிட்டுப் பரிசோதனைக்குப் போய்த் தேறுவது ஏமாற்று. வரைபடத்தில் அது பிடிபட்டுவிடும்.

தெற்காசிய வழியினரிடம் கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய், கூடுதலாகக் காணப்படுவது பிரிட்டனில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. பதின்ம வயதில் சிலிண்டர் அளவு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகிறது, பிள்ளை சதா கண்ணைக் கசக்குகிறான் என்றால், லேசரைப் பற்றி யோசிப்பதற்கு முன் கருவிழி வரைபடம் எடுத்துப் பாருங்கள். கூம்பு நோய் உள்ள கண்ணுக்கு லாசிக் செய்தால் நிலைமை மோசமாகும்.

நிறப்பார்வைக் குறைபாடு வேறு கதை. பிறவியிலேயே வரும் சிவப்பு–பச்சைக் குறைபாட்டுக்குச் சிகிச்சை இல்லை. வண்ணம் தீட்டிய கண்ணாடிகளையும் வில்லைகளையும் விமான மருத்துவம் ஏற்பதில்லை. ஓடுபாதையின் ஓரத்தில் இருக்கும் நான்கு விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்று தெரிந்தால்தான் விமானி சரியான சரிவில் இறங்குகிறார் என்று பொருள். அந்த இடத்தில் ஊகத்துக்கு இடமில்லை. இருந்தாலும், வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா புத்தகத்தில் ஓரிரு பக்கம் தவறியதை வைத்துப் பிள்ளையின் கனவை மூட்டை கட்டிவிடாதீர்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், நிறம் மங்கிப்போன பழைய புத்தகத்தை வைத்துச் செய்த சோதனை எதையும் நிரூபிக்காது. கைப்பேசித் திரையில் செய்தது அதைவிட மோசம். சரியான ஒளியில் மறுபரிசோதனை, பிறகு குறையின் வகையையும் அளவையும் கணினியில் அளக்கும் சோதனை என்று முறையாகப் போய், எண்ணை வைத்துப் பேசுங்கள்.

மூச்சு

2015ஆம் ஆண்டின் புகைமூட்டத்தில் பள்ளிகளை மூடிய நாள்கள் நினைவிருக்கலாம். அந்தச் சமயத்தில் இருமலோடு கிளினிக்குக்குத் தூக்கிப் போன பிள்ளைகளில் பலருக்கு ‘கேஸ்’, அதாவது மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தாவி, வைத்து அனுப்பினார்கள். அட்டையில் ஒரே சொல்லில் ‘ஆஸ்மா’ என்று எழுதினார்கள். என் தங்கை மகனின் அட்டையிலும் அப்படித்தான் ஒரு தனியார் கிளினிக்கில் எழுதிவிட்டார்கள். அதன்பிறகு அவனுக்கு மூச்சிரைப்பு வந்ததே இல்லை. பத்து ஆண்டு கழித்து அந்த ஒரு சொல் அவன் வழியை மறித்தபோது, தங்கை என்னிடம், “அண்ணே, அந்த அட்டையை நாம காட்டாமலே இருந்திருக்கலாமோ?” என்று கேட்டாள். கூடாது என்றுதான் சொன்னேன். மறைத்து உள்ளே போனவனுக்கு நாளை உயரத்தில் மூச்சு முட்டினால், அவனோடு சேர்ந்து இன்னொரு உயிரும் போகும். ஆவணம் பின்னால் வெளிப்பட்டால், பயிற்சி பாதியில் நிற்பதோடு பொய் சொன்னவன் என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

செய்ய வேண்டியது, அந்தச் சொல் உண்மையா என்று சோதித்துப் பார்ப்பது. அமெரிக்கப் படைச்சேர்ப்பு விதிகள் 13ஆம் பிறந்தநாளுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததா என்பதைத்தான் பெரிதாகப் பார்க்கின்றன; சிறு வயது இழுப்பு பலருக்கு வளர வளர நின்றுவிடும் என்ற மருத்துவ அனுபவமே அதற்குக் காரணம். நெஞ்சு நோய் நிபுணரிடம், ஊதச் சொல்லி மூச்சுத்திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி செய்யச் சொல்லுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு, முதல் நொடியில் வெளிவிடும் காற்றின் அளவு 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் கூடினால் அது ஆஸ்துமாவின் பக்கம் சாயும் அறிகுறி. கூடாவிட்டாலும் அதோடு நிறுத்தாமல், மெத்தகோலின் என்ற மருந்தை முகரச் செய்து மூச்சுக்குழாய் சுருங்குகிறதா என்று பார்க்கும் சோதனை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். மில்லிலிட்டருக்கு 16 மில்லிகிராம் செறிவு வரையிலும் மூச்சுத்திறன் 20 விழுக்காடு குறையவில்லை என்ற முடிவு, பத்துப் பக்கக் கடிதத்தைவிட வலுவானது. தற்போது உறிஞ்சு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் சோதனையில் தேறுவதற்காக அதைத் தானாக நிறுத்தக் கூடாது; எப்போது, எவ்வளவு நேரத்துக்கு முன் நிறுத்துவது என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

மூக்கைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊரில் ‘ரெஸ்டோங்’ என்று எல்லாரும் சர்வசாதாரணமாகச் சொல்லும் ஒவ்வாமைச் சளியை விண்ணப்பத்தில் எழுத வேண்டுமா என்று கேட்கிறார்கள். எழுத வேண்டும். 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. கீழே இறங்கும்போது வெளியழுத்தம் ஏற ஏற, அடைபட்ட சைனஸ் குழிக்குள் காற்று நுழைய வழியில்லாமல் உண்டாகும் வலி விமானியைக் கண் திறக்கவிடாது. தூக்கம் தராத மாத்திரையாலோ மூக்குத் தெளிப்பாலோ கட்டுப்படுகிறது, மூக்கில் சதை வளர்ச்சி இல்லை, மூக்கைப் பொத்தி, வாயை மூடி ஊதினால் இரண்டு காதுச் சவ்வும் அசைகின்றன என்று காது மூக்கு தொண்டை நிபுணர் எழுதிக் கொடுத்தால் இந்த விஷயம் பெரும்பாலும் இத்தோடு முடியும்.

இதயம், முதுகு, இரத்தம்

நன்றாக ஓடுகிற, பந்து விளையாடுகிற இளைஞர்களின் ஈசிஜியில் துடிப்பு 60க்குக் கீழே இருப்பதும், வலப்பக்க மின்கடத்தல் சற்றுத் தாமதிப்பதும் அடிக்கடி காணப்படும் இயல்பு மாறுபாடுகள். எதிரொலி வரைவும் ஓட்டப்பொறிச் சோதனையும் இயல்பாக இருந்தால், இதய நிபுணர் அதைத் தெளிவாக எழுதலாம். ஈசிஜியில் டெல்டா அலை காணப்படும் டபிள்யூ.பி.டபிள்யூ. நிலை, அதாவது இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை இருப்பது, அப்படிப்பட்டதன்று, எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கும் அது திடீர்ப் படபடப்பைத் தரக்கூடும் என்பதால், மேற்கொண்டு மின்னியல் ஆய்வின்றி யாரும் விலக்கைப் பரிசீலிக்க மாட்டார்கள்.

முதுகெலும்பு வளைவுக்கு, நின்றபடி எடுத்த முழு முதுகு எக்ஸ்ரேயில் அளந்த காப் கோணம் வேண்டும். ‘லேசான வளைவு’ என்ற சொல் போதாது. இருக்கையோடு வெளியே வீசப்படும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை முதுகுத்தண்டின் வழியாக ஏறுகிறது என்பதே இந்தக் கண்டிப்புக்குக் காரணம். உட்கார்ந்த உயரமும் தொடை நீளமும் விமானி அறைக்குப் பொருந்தவில்லை என்றால் எந்தக் கோப்பாலும் பயனில்லை.

சிவப்பணுக்களைக் காக்கும் நொதி ஒன்று குறைவாக இருக்கும் ஜி6பிடி குறைபாடு மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்திலேயே சோதிக்கப்படுகிறது. குழந்தைப் பருவ அட்டையில் அது குறிக்கப்பட்டிருந்தால் மறக்காமல் தெரிவியுங்கள். பறப்பதற்கு அது நேரடித் தடையாக இல்லாவிட்டாலும், காட்டுப் பகுதிகளில் பணிபுரியும் படைவீரருக்குத் தேவைப்படக்கூடிய பிரிமாகுவின் என்ற மலேரியா மருந்து இந்தக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். தலசீமியா கடத்துநராக இருந்தால், ஹீமோகுளோபின் அளவையும் இரும்புச்சத்து அளவையும் சேர்த்தே கொடுங்கள். இல்லாவிட்டால் சாதாரண இரத்தச் சோகை என்று எண்ணிவிடுவார்கள்.

கோப்பைக் கட்டுவது

அரசாங்க மருத்துவமனையின் மருத்துவப் பதிவுப் பிரிவில் ‘லாபோரான் பெருபாத்தான்’ எனப்படும் மருத்துவ அறிக்கையைக் கேட்டு விண்ணப்பித்தால், அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே தடைக்கடிதம் வரும்வரை காத்திருக்காமல், பிள்ளை படிவம் நான்கில் இருக்கும்போதே கண், நிறப்பார்வை, செவித்திறன், ஈசிஜி ஆகியவற்றைச் சொந்தச் செலவில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. குறை இருந்தால் அதைப் பின்தொடர இரண்டு மூன்று ஆண்டு கிடைக்கும். ‘நிலைபெற்றுவிட்டது’ என்று நிரூபிப்பதற்குக் காலத்தைத் தவிர வேறு வழியில்லை.

நிபுணரிடம் கடிதம் கேட்கும்போது ‘பறக்கத் தகுதியானவர்’ என்று எழுதச் சொல்லாதீர்கள். அந்த முடிவு அவருடையது அல்ல. அப்படி எழுதிய கடிதத்தைப் படிக்கும் படை மருத்துவருக்கு எரிச்சல்தான் வரும். நோயின் பெயர், முதலில் கண்டறிந்த தேதி, கொடுத்த சிகிச்சை, கடைசியாக அறிகுறி தோன்றிய தேதி, இன்றைய சோதனை முடிவுகள், தற்போதைய மருந்தும் அதன் பக்கவிளைவும், மீண்டும் வரும் வாய்ப்பு, வந்தால் எப்படி வெளிப்படும், அடுத்த கண்காணிப்பு எப்போது என்பனவற்றை எழுதச் சொல்லுங்கள். சோதனைத் தாள்களின் நகலை அப்படியே இணையுங்கள். ‘இயல்பு’ என்று ஒரு வரியில் சுருக்கியதை யாரும் நம்புவதில்லை.

பெயரில் கவனம் வேண்டும். அடையாள அட்டையில் ‘சுப்பிரமணியம்’ என்பதற்கு ஓர் எழுத்துக்கூட்டல், கிளினிக் அட்டையில் இன்னொன்று, பள்ளிச் சுகாதாரப் பதிவில் ‘மகன்’ என்பதைக் குறிக்கும் ‘அ/லெ’ இல்லாமல் மூன்றாவது என்று இருப்பது நம் குடும்பங்களில் சகஜம். ஒவ்வோர் ஆவணத்திலும் அடையாள அட்டை எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவற்றுக்கு, இரண்டும் ஒரே நபரைக் குறிக்கின்றன என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையொப்பமிட்ட அறிக்கை ஒன்றை இணையுங்கள்.

முகப்புக் கடிதம் மலாய்மொழியில் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பத்தியில் விண்ணப்ப எண்ணும் தடைக்கான காரணமும்; இரண்டாவதில் அந்தக் காரணம் மறுக்கப்படுகிறதா, ஏற்கப்பட்டு விலக்குக் கோரப்படுகிறதா என்பது; மூன்றாவதில், மேலே சொன்ன ஆறு கேள்விகளில் எதற்கு எந்த இணைப்பில் பதில் இருக்கிறது என்ற குறிப்பு; நான்காவதில், படை விரும்பும் எந்த மருத்துவமனையிலும் எந்தக் கூடுதல் சோதனைக்கும் வரத் தயார் என்ற உறுதி. ஆசையைப் பற்றியும் நாட்டுப்பற்றைப் பற்றியும் நேர்முகத் தேர்வில் பேசிக்கொள்ளலாம். கோப்பைக் கொடுத்ததற்கு முத்திரையிட்ட ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பிறகு, தெரிந்த தலைவர் ஒருவரிடம் சொல்லித் தொலைபேசியில் பேசவைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அது மருத்துவரைத் தற்காப்பு நிலைக்குத் தள்ளும்.

விலக்குக் கிடைக்காவிட்டால்

பொது விமானத்துறையின் அளவுகோல் வேறு. அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, முதல் வகுப்பு மருத்துவச் சான்றுக்கு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 இருந்தால் போதும்; அதைக் கண்ணாடியோடு எட்டினாலும் ஏற்கிறார்கள். செவித்திறன் இழப்பு 500, 1,000, 2,000 ஹெர்ட்சில் 35 டெசிபெலுக்கும், 3,000 ஹெர்ட்சில் 50 டெசிபெலுக்கும் மேல் போகக் கூடாது. இந்த அளவுகளை எட்டாதவருக்கும், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிபுணர்களின் முடிவின் பேரில், விமானப் பாதுகாப்புக்கு ஊறு நேராது என்றால், தேவைப்படும் நிபந்தனைகளை உரிமத்தில் குறித்துச் சான்று வழங்க அந்த விதிகளே இடம் தருகின்றன. மலேசியாவில் அதை முடிவு செய்வது புத்ராஜெயாவில் உள்ள பொது விமானப் போக்குவரத்து ஆணையம். பறக்கும் பள்ளிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால், அவர்கள் நியமித்த மருத்துவரிடம் இந்தச் சான்றை வாங்கிவிடுங்கள். பணத்தைக் கட்டிவிட்டு நிறப்பார்வையில் தவறியவர்கள் இருக்கிறார்கள்.

படைக்காகத் தயாரித்த அதே கோப்பு அங்கேயும் பயன்படும். மூலப் பிரதிகளை யாரிடமும் விட்டுவராதீர்கள். சான்றொப்பமிட்ட நகல்களை மட்டும் கொடுங்கள், எக்ஸ்ரே வட்டையும் சேர்த்து.